கேமரா மாறிய பின் குறுகிய தமனிகள்: விழித்திரைக் குழாய் அளவுகளைக் கருவிக்குக் கருவி ஒப்பிடலாமா?

பதிவு 1 | யாழ்மொழி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆப்டோமெட்ரி துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர்களுடைய விழித்திரை நுண்தமனிகள் காலப்போக்கில் குறுகுகின்றனவா என்று அறிவது என் ஆய்வின் நோக்கம். முதற்பகுதிப் படங்கள் அனைத்தும் 45 பாகைப் புலமுள்ள ஃபண்டஸ் கேமராவில் (விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா) எடுக்கப்பட்டவை. இடையில் துறைக்கு லேசர் வருடல் கருவி ஒன்று வந்ததால், பிற்பகுதிப் படங்கள் முழுவதும் அதிலேயே எடுக்கப்பட்டன. இரண்டு தொகுதிகளையும் ஒரே மென்பொருளில், ஒரே வரையறையின்படி நானே அளந்தேன்.

பெரும்பாலோரிடம் தமனிகளின் மையச் சமானம் (பல தமனிகளின் அகலங்களைச் சேர்த்துக் கணிக்கும் ஒற்றை அளவு; இனி சி.ஆர்.ஏ.இ. என்கிறேன்) குறைந்திருக்கிறது; சிரைகளின் மையச் சமானம் (சி.ஆர்.வி.இ.) ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. என் கருதுகோளுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடைக்காது. ஆனால் குறுகல் தொடங்கும் காலமும் கருவி மாறிய காலமும் ஒன்றாக இருப்பதால், இதை நோயின் விளைவு என்று எழுத மனம் ஒப்பவில்லை. இவ்விரு கருவிகளின் அளவுகளை ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடலாமா? கூடாதென்றால், கையில் உள்ள படங்களைக் கொண்டு என்ன செய்யலாம்?

பதிவு 2 | விழிமருத்துவர்

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. ஆய்வேடு அச்சேறிய பின் இந்தக் கேள்வி எழுந்திருந்தால் பதில் சொல்வது கடினமாகியிருக்கும்.

முதலில், நாம் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நலமான விழித்திரைக் குழாயின் சுவர் ஒளி ஊடுருவக் கூடியது. ஃபண்டஸ் படத்தில் சிவப்பாகத் தெரிவது குழாய் அல்ல, அதனுள் ஓடும் சிவப்பணுக்களின் நிரல். சுவரை ஒட்டி ஓடும் பிளாஸ்மாவின் மெல்லிய அடுக்கும் அதில் சேர்வதில்லை. அதனால்தான் ஃபுளோரெசின் சாயத்தைச் செலுத்தி எடுக்கும் படத்தில், சாயம் பிளாஸ்மாவிலும் பரவுவதால், அதே குழாய் சற்று அகலமாகத் தெரிகிறது. ஓ.சி.டி. (ஒளியால் குறுக்குவெட்டுப் படமெடுக்கும் முறை) ஆஞ்சியோகிராஃபி அசையும் அணுக்களைக் கண்டறிந்து படம் வரைகிறது; கண்ணின் ஒளியியல் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் தகவமைப்பு ஒளியியல் கேமராக்களோ சுவரையும் உள்விட்டத்தையும் தனித்தனியே காட்டுகின்றன. ஆகவே எல்லாக் கருவிகளும் ஒரே பொருளை அளந்து வெவ்வேறு பிழை செய்கின்றன என்று எண்ணுவது சரியல்ல. அவை அளக்கும் பொருளே ஓரளவு வேறுபடுகிறது.

அடுத்தது சூத்திரம். 1974-இல் பார், ஸ்பியர்ஸ் ஆகியோர் தமனிக் கிளைகளின் அகலத்திலிருந்து தாய்க்குழாயின் அகலத்தைக் கணிக்க ஒரு வழியை வகுத்தனர். அமெரிக்காவின் ஏரிக் என்ற தமனித் தடிப்பு இடர் ஆய்வுக்காக ஹப்பர்டு குழுவினர் 1999-இல் அதைச் சிரைகளுக்கும் விரித்தனர். 2003-இல் நட்சன் குழுவினர் அதைத் திருத்தி, பார்வைத் தட்டின் (விழித்திரையில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டப் பகுதி) விளிம்பிலிருந்து அரைத் தட்டு விட்டம் முதல் ஒரு தட்டு விட்டம் வரையுள்ள வளையத்தில் மிகப் பெரிய ஆறு தமனிகளையும் ஆறு சிரைகளையும் மட்டும் எடுத்தால் போதும் என்றனர்.

இங்கே பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. பழைய சூத்திரத்தில் தமனிக்கு 10.76-ஐக் கழிக்கும் ஒரு மாறிலியும், சிரைக்கு 450.02-ஐக் கூட்டும் ஒரு மாறிலியும் வர்க்கமூலத்துக்குள் இருந்தன. அவை மைக்ரோமீட்டர் அலகுக்கென்று பொருத்தப்பட்ட எண்கள் என்பதால், படத்தின் அளவீட்டு விகிதம் சிறிது தவறினாலும் தமனி-சிரை விகிதம்கூட மாறிவிடும். நட்சன் சூத்திரத்தில் இரு கிளைகளின் வர்க்கக் கூட்டலின் மூலத்தைத் தமனிக்கு 0.88-ஆலும் சிரைக்கு 0.95-ஆலும் பெருக்குகிறோம்; தனி மாறிலி இல்லாததால் உருப்பெருக்கப் பிழை அப்படியே விகிதமாகக் கடந்து வருகிறது. நீங்கள் எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினீர்கள்?

பதிவு 3 | யாழ்மொழி

நட்சன் சூத்திரம்தான், ஐயா. பார்வைத் தட்டின் விட்டத்தை 1800 மைக்ரோமீட்டர் என்று கொண்டு, பிக்சலை மைக்ரோமீட்டராக மாற்றினேன்.

பதிவு 4 | கதிரொளி

நான் ஒளியியல் துறையைச் சேர்ந்தவன். கருவிகளின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறேன்.

இரு கருவிகளுக்கிடையே அளவு வேறுபட்டால் எல்லோரும் முதலில் சந்தேகிப்பது உருப்பெருக்கத்தைத்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது. படத்தில் ஒரு குழாய் எத்தனை பிக்சல் அகலம் என்பதை, குழாயோடு சேர்ந்து கண்ணின் அச்சு நீளமும் (முன்னிருந்து பின் வரையுள்ள நீளம்) கேமராவின் ஒளியமைப்பும் நிர்ணயிக்கின்றன. லிட்மன் 1982-இல் வகுத்த முறையைப் பென்னெட் குழுவினர் 1994-இல் எளிமையாக்கினர். அதன்படி கண்ணுக்குரிய காரணி, அச்சு நீளத்திலிருந்து 1.82 மி.மீ. கழித்து வருவதை 0.01306-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 24 மி.மீ. கண்ணுக்கு அது சுமார் 0.290, 26 மி.மீ. கிட்டப்பார்வைக் கண்ணுக்குச் சுமார் 0.316. அதாவது படத்தில் ஒரே அகலமாகத் தெரியும் இரு குழாய்களில், நீளமான கண்ணில் உள்ளது உண்மையில் 9 விழுக்காடு அகலமானது. மக்கள்தொகை ஆய்வுகளில் சி.ஆர்.ஏ.இ. பெரும்பாலும் 150 மைக்ரோமீட்டரை ஒட்டி வருவதால், 9 விழுக்காடு என்பது 13 மைக்ரோமீட்டருக்கும் மேல். இரத்த அழுத்தத்தால் ஏற்படுவதாக நாம் தேடும் வேறுபாடு அதைவிடச் சிறியது.

பார்வைத் தட்டை 1800 மைக்ரோமீட்டர் என்று கொள்வது இச்சிக்கலைப் பாதிதான் தீர்க்கிறது. ஒரே கண்ணை இரு கருவிகளில் எடுத்தால், தட்டே உள்ளமைந்த அளவுகோலாகி, கருவிகளின் உருப்பெருக்க வேறுபாடு நீங்கிவிடும். அதற்காக இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை இரு கருவிகளும் ஒன்றுபோலக் காட்ட வேண்டும். தட்டைச் சுற்றி வெளிறிய பிறைப் பகுதி இருக்கும் கண்களில், வண்ணப் படத்தில் ஓரிடத்திலும் லேசர் படத்தில் வேறோரிடத்திலும் விளிம்பு தெரியக்கூடும். தட்டு 5 விழுக்காடு பெரிதாக வரையப்பட்டால், குழாய்கள் எல்லாம் ஏறத்தாழ 5 விழுக்காடு மெலிந்துவிடும். வளையமும் வெளிப்புறம் நகர்ந்து, வேறு குழாய்ப் பகுதிகள் அளவுக்குள் வந்துவிடும்.

ஆனால் யாழ்மொழி அவர்களின் தரவில் உருப்பெருக்கம் முதன்மைக் காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. நட்சன் சூத்திரத்தில் அளவுப் பிழை தமனியையும் சிரையையும் ஒரே விகிதத்தில் பாதிக்கும். இங்கே தமனி மட்டும் குறைந்திருக்கிறது. தமனியை மட்டும் தொடும் கருவிக் காரணம் ஒன்று உண்டா என்றால், உண்டு: ஒளியின் அலைநீளம்.

ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் 530, 570 நானோமீட்டர் போன்ற சில இடங்களில் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. அதனால் பச்சை ஒளியில் தமனி, சிரை இரண்டுமே கருமையாகத் தெரிகின்றன. 600 நானோமீட்டரைத் தாண்டிச் சிவப்புக்குள் சென்றால் நிலைமை மாறுகிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் மற்றதைவிடப் பல மடங்கு குறைவாக உறிஞ்சுவதால் தமனி வெளிறிப் பின்புலத்தோடு கலக்கிறது, சிரை கருமையாகவே நிற்கிறது. விழித்திரை ஆக்சிஜன் அளவிகள் 570, 600 நானோமீட்டர்களில் இரு படங்கள் எடுத்து வேலை செய்வதன் அடிப்படையே இதுதான். இப்போது ஃபண்டஸ் கேமரா வெள்ளைப் பளிச்சொளியில் எடுக்கிறது. ஆப்டோஸ் கருவிகளின் வழக்கமான வண்ணப் படம் 532 பச்சை, 635 சிவப்பு லேசர்களால் ஆனது. ஹைடல்பர்க் நிறுவனத்தின் மல்டிகலர் லேசர் கருவி 486, 518, 815 நானோமீட்டர்களைக் கலக்கிறது. இவை மூன்றும் திரையில் வண்ணப் படமாகத் தோன்றினாலும் தமனியின் விளிம்பு மூன்றிலும் ஒரே வலுவுடன் இருக்காது. விளிம்பு வலுவிழந்த இடத்தில் மென்பொருள் உள்வாங்கி நிறுத்தினால் தமனி குறுகியதாகப் பதிவாகும்.

இன்னொன்று, தமனியின் நடுவே ஓடும் ஒளிக்கோடு. அது சிரையைவிடத் தமனியில் பளிச்சென்று இருக்கும். ஒளியூட்டும் முறை மாறும்போது அதன் அகலமும் கூர்மையும் மாறும். சில நிரல்கள் அந்தக் கோட்டின் ஓரத்தையே குழாயின் ஓரமாக எடுத்துக்கொள்வதும் உண்டு.

எனவே கேட்கிறேன்: நீங்கள் அளந்தது பச்சை அலைவரிசையையா, கலந்த வண்ணப் படத்தையா?

பதிவு 5 | யாழ்மொழி

மென்பொருள் வண்ணப் படத்தை ஏற்றுக்கொள்கிறது, ஐயா. உள்ளே அது எந்த அலைவரிசையை எடுத்து அளக்கிறது என்று கையேட்டில் சொல்லப்படவில்லை. புதிய கருவியில் லேசர் வாரியாகத் தனிப் படங்களையும் ஏற்றுமதி செய்ய முடியும் என்று தொழில்நுட்பர் இன்று உறுதி செய்தார். பழைய கேமராப் படங்களின் பச்சைக் கூறு கோப்பிலேயே இருக்கிறது.

பதிவு 6 | கதிரொளி

அப்படியானால் ஒரு சிறு தொகுதியை எடுத்து, பச்சை லேசர் படத்தை மட்டும் தனியே அளந்து, கலந்த படத்தின் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கருவி, ஒரே கண், ஒரே நொடி என்பதால் இதில் நோயோ வயதோ குறுக்கே வராது. தமனிகள் மட்டும் அகலப்பட்டால், குறுகலின் ஒரு பகுதியாவது ஒளியால் வந்தது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்கும்.

பதிவு 7 | பொன்னி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் பொது சுகாதாரத் துறையில் இருக்கிறேன். இரு கருவிகளுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.9 என்றும், ஐ.சி.சி. (வகுப்புள் ஒட்டுறவுக் கெழு) 0.8 என்றும் வந்தால் அளவுகள் நம்பகமானவை, கலந்து பயன்படுத்தலாம் என்றுதான் எங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அது போதாதா?

பதிவு 8 | பிழையளவர்

போதாது என்பதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இத்துறைக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுதான்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இரண்டாம் கருவி எல்லாக் கண்களிலும் முதற்கருவியைவிடச் சரியாக 8 மைக்ரோமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. ஒட்டுறவுக் கெழு 1 என்று வரும். படத்தில் புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் அழகாக நிற்கும். ஆனால் முதலாண்டில் ஒரு கருவியையும் ஐந்தாம் ஆண்டில் மற்றொன்றையும் பயன்படுத்தினால், எவருடைய கண்ணிலும் எதுவும் நிகழாமலேயே எல்லோருக்கும் 8 மைக்ரோமீட்டர் குறுகல் கிடைத்துவிடும். ஒட்டுறவு என்பது வரிசை ஒத்துப்போகிறதா என்று சொல்கிறது. மதிப்பு ஒத்துப்போகிறதா என்பதற்கு இசைவைத்தான் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டை வலியுறுத்தித்தான் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986-இல் லான்செட் இதழில் தங்கள் முறையை முன்வைத்தனர்: இரு கருவிகளின் சராசரியைக் கிடை அச்சிலும் வேறுபாட்டை நெடு அச்சிலும் வைத்து, வேறுபாட்டின் சராசரியோடு 1.96 திட்ட விலக்கத்தைக் கூட்டியும் கழித்தும் இசைவு எல்லைகளைக் குறிக்கும் முறை அது.

ஐ.சி.சி. குறித்தும் இரண்டு எச்சரிக்கைகள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு. நிலைத்தன்மையைப் பார்க்கும் வடிவம் கருவிகளுக்கிடையேயான நிலையான இடைவெளியைக் கணக்கில் கொள்ளாது, முழு இசைவைப் பார்க்கும் வடிவம் கொள்ளும். எந்த வடிவம் என்று சொல்லாத கட்டுரையின் ஐ.சி.சி.-யை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. இரண்டாவது, ஐ.சி.சி. மக்களின் பரவலைச் சார்ந்தது. குழந்தைகள் முதல் முதியோர் வரை, நோயற்றவர் முதல் கடும் நோயாளர் வரை சேர்த்துக்கொண்டால், கருவி சற்றும் மேம்படாமலே எண் உயரும். அதே கருவியை ஒத்த வயதுடைய ஒரு குழுவில் சோதித்தால் எண் இறங்கும்.

கருவிகளை ஒப்பிடும் முன் ஒவ்வொரு கருவியும் தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அறிய வேண்டும். ஒரே கண்ணை ஒரே கருவியில் இருமுறை எடுத்து, கண்ணுக்குள்ளான திட்ட விலக்கத்தைக் கண்டு அதை 2.77-ஆல் பெருக்கினால், இரு அளவுகள் தற்செயலாகவே எவ்வளவு விலகலாம் என்பது கிடைக்கும். அந்த விலக்கம் 4 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தனி ஒருவரிடம் 11 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குழுச் சராசரியில் தற்செயல் பிழை அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கருவி இடைவெளி எல்லோரிடமும் ஒரே திசையில் விலகுவதால், எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அடங்காது. மாறாக, அதன் நம்பக இடைவெளி சுருங்கி, பொய்யான முடிவு மேலும் உறுதியானதாகத் தோன்றும்.

பதிவு 9 | பொன்னி

நன்றி. நிலைத்தன்மைக்கும் முழு இசைவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக இதற்கு முன் யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பதிவு 10 | நிரலாளன்

படப் பகுப்பாய்வு நிரல்கள் எழுதுபவன் என்ற முறையில், மென்பொருளையும் இவ்விவாதத்துக்குள் கொண்டுவர விரும்புகிறேன். கருவியைத் தனியாகவும் மென்பொருளைத் தனியாகவும் மதிப்பிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அளவு இரண்டும் சேர்ந்துதான் பிறக்கிறது.

ஒரே படத்தை இரு மென்பொருள்களுக்குக் கொடுத்தாலே எண்கள் விலகுகின்றன. ஸ்காட்லாந்தின் லோதியன் பிறப்புக் குழு 1936 ஆய்வில் எடுக்கப்பட்ட ஃபண்டஸ் படங்களை, சிங்கப்பூரில் உருவான சிவா, எடின்பரோவிலும் டண்டியிலும் உருவான வாம்பயர் என்ற இரு மென்பொருள்களிலும் அளந்து மெக்ரோரி குழுவினர் 2018-இல் வெளியிட்டனர். கேமரா ஒன்று, படம் ஒன்று. ஆயினும் இசைவு குறைவாகவே இருந்தது. சிவா, விஸ்கான்சினின் ஐவன் போன்றவற்றுக்கிடையே மாற்றுச் சூத்திரம் காணும் முயற்சி 2016-இலேயே நடந்திருக்கிறது. அதற்கான தேவை எழுந்தது என்பதே அவ்வெண்களை நேரடியாக மாற்றிப் பயன்படுத்த முடியாது என்பதைக் காட்டுகிறது.

ஆழ்கற்றல் மாதிரிகள் வந்த பின் இது தீர்ந்துவிட்டது என்று சிலர் கருதுகிறார்கள். என்னால் அவ்வளவு எளிதில் ஏற்க முடியவில்லை. குழாய்களைப் பிரித்தெடுக்கப் பல மாதிரிகள் கற்றுக்கொண்ட டிரைவ் தொகுப்பில் மொத்தம் 40 படங்கள். 45 பாகைப் புலம், ஏறக்குறைய 540 பிக்சல் விட்டம். ஒரு பாகை விழித்திரையில் சுமார் 0.29 மி.மீ. என்று கொண்டால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 24 மைக்ரோமீட்டர். 100 மைக்ரோமீட்டர் தமனி அங்கே நான்கே பிக்சல். குறியிட்டவர் ஒரு பக்கத்தில் ஒரு பிக்சலைக் கூட்டியோ குறைத்தோ வரைந்திருந்தால், தமனியின் கால்பங்கு போய்விட்டது. குழாய் எங்கே செல்கிறது என்று காட்ட அந்தத் துல்லியம் போதும். எவ்வளவு அகலம் என்று சொல்ல அது போதாது. ஸ்டேர் தொகுப்பு 35 பாகை டாப்கான் படங்கள், சேஸ் தொகுப்பு குழந்தைகளின் 30 பாகை நிடெக் படங்கள். இவற்றில் கற்ற மாதிரி, புதிய கருவியின் படத்தைப் பெறும்போது முதலில் அதைத் தனக்குப் பழகிய அளவுக்குச் சுருக்குகிறது. அச்சுருக்கத்தில் எவ்வளவு நுணுக்கம் போயிற்று என்பது பயனருக்குத் தெரிவதில்லை. அகலத்துக்கென்றே குறியிடப்பட்ட ரிவ்யூ தொகுப்பில் 16 படங்களும் 193 குழாய்ப் பகுதிகளும்தான் இருக்கின்றன. அதிலேயே குறியிட்டவர்கள் ஒருவரோடொருவர் விலகுகிறார்கள்.

அகலம் தவிர்த்த பிற அளவுகளும் தப்புவதில்லை. பின்னப் பரிமாணம் (குழாய்க் கிளையமைப்பின் சிக்கலை அளக்கும் எண்) மெல்லிய கிளைகள் எத்தனை கண்டறியப்பட்டன என்பதைச் சார்ந்திருப்பதால், படத்தின் தெளிவு குறைந்த கருவியில் அது விழும். நெளிவைப் பொறுத்தவரை, வில்லின் நீளத்தை நாணின் நீளத்தால் வகுக்கும் அளவு அலகற்றது என்பதால் உருப்பெருக்கத்தைத் தாங்கும். வளைவை ஆதாரமாகக் கொண்ட அளவுகளில் நீளத்தின் தலைகீழ் அலகு ஒளிந்திருப்பதால் அவை தாங்கா. கருவிகளுக்கிடையே எதையாவது ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், முதல் வகை நெளிவளவையே நான் தேர்வேன்.

பதிவு 11 | விழிமருத்துவர்

நிரலாளன் சொன்னதோடு உடலியல் பக்கத்தையும் சேர்க்கிறேன். குழாய் ஓர் இரும்புக் கம்பி அல்ல. இதயத் துடிப்புக்கேற்ப அதன் விட்டம் சில விழுக்காடு ஏறி இறங்குகிறது. வழக்கமான ஃபண்டஸ் கேமரா துடிப்பின் எந்த நொடியில் பளிச்சிடும் என்பது தற்செயல். வருடல் கருவி படத்தைக் கோடு கோடாக எடுப்பதால் அதன் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் துடிப்பின் வெவ்வேறு தருணங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம். மினுக்கொளி பட்டால் குழாய்கள் விரிகின்றன என்பது குழாய் இயக்கப் பகுப்பாய்விகளின் சோதனையே. குவியம் சற்று விலகினால் விளிம்பு பரவுகிறது. தொடக்கக் கண்புரை உள்ளவர்களில் பச்சை ஒளியும் நீல ஒளியும் சிதறுவதால் மாறுபாடு குறைகிறது. ஐந்தாண்டுத் தொடராய்வில் இது மிக முக்கியம், ஏனெனில் முதற்படத்தில் தெளிந்த வில்லை கொண்டவர் பலருக்குக் கடைசிப் படத்தில் புரை தொடங்கியிருக்கும். இடையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கோ திடீரென்று படம் தெளிவாகிவிடும். யாழ்மொழி அவர்கள் வில்லையின் நிலையைப் பதிவு செய்திருந்தால், பகுப்பாய்வில் அதைச் சேர்க்க வேண்டுகிறேன்.

பதிவு 12 | வைகறை

எல்லோரும் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் இவ்வளவு கடுமை காட்டினால் பெரிய ஆய்வுகளே நடக்காது என்று அஞ்சுகிறேன். பல நாடுகளின் தரவுகளை ஒன்றுசேர்க்கும் கூட்டாய்வுகளில் கேமராக்கள் வெவ்வேறாகத்தான் இருக்கும். அங்கெல்லாம் ஒவ்வொரு கருவியின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்து, தரப்படுத்திய மதிப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். யாழ்மொழி அவர்களும் அதையே செய்தால் சிக்கல் தீராதா?

பதிவு 13 | பிழையளவர்

கூட்டாய்வுகளுக்கு அந்த வழி பொருந்தும் இடம் உண்டு, ஐயா. அதை நான் மறுக்கவில்லை. ஒரே காலத்தில் எடுத்த தரவில், ஒவ்வொரு மையத்தின் உள்ளேயும் இரத்த அழுத்தத்துக்கும் குழாய் அகலத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, பின்னர் அத்தொடர்புகளை ஒன்றுசேர்த்தால் கருவியின் நிலையான இடைவெளி தானாக நீங்கிவிடும். ஆனால் அங்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: இடைவெளி நிலையாக இருக்க வேண்டும். மெல்லிய குழாய்களில் ஒரு மாதிரியும் தடித்த குழாய்களில் வேறு மாதிரியும் விலகினால், தரப்படுத்தல் அதைச் சரிசெய்யாது.

யாழ்மொழி அவர்களின் ஆய்வோ வேறு வகை. இங்கே கருவியும் காலமும் முழுமையாகப் பின்னிப் பிணைந்திருக்கின்றன. முதற்காலத்தில் ஒருவரும் புதிய கருவியில் எடுக்கப்படவில்லை. பிற்காலத்தில் ஒருவரும் பழைய கேமராவில் எடுக்கப்படவில்லை. கருவி வாரியாகச் சராசரியைக் கழித்தால், உண்மையிலேயே அனைவருக்கும் குறுகல் நிகழ்ந்திருந்தால் அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். கழிக்காவிட்டால் கருவியின் விளைவு நோயாகத் தோன்றும். எந்தப் புள்ளியியல் மாதிரியும் இத்தரவிலிருந்து மட்டும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிப்பதற்கான தகவல் தரவுக்குள் இல்லை. வெளியிலிருந்து ஒரு பாலம், அதாவது ஒரே ஆட்களை இரு கருவிகளிலும் எடுத்த ஒப்பீடு, வேண்டும்.

ஒன்று மட்டும் ஆறுதல்: தரப்படுத்திய பின்னும் யாருக்கு மற்றவர்களைவிட மிகுதியாகக் குறுகியது என்ற கேள்வி உயிருடன் இருக்கும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிடலாம். ஆனால் அது நீங்கள் தொடங்கிய கேள்வி அல்ல.

பதிவு 14 | யாழ்மொழி

பழைய கேமரா இன்னும் எங்கள் துறையில்தான் இருக்கிறது. விரைவில் அப்புறப்படுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். பாலம் அமைப்பதென்றால் எத்தனை பேர் வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

பதிவு 15 | பிழையளவர்

முதல் வேலையாக, அந்தக் கேமராவை அப்புறப்படுத்தாமல் நிறுத்தி வைக்கும்படி துறைத் தலைவருக்கு எழுத்து மூலம் வேண்டுகோள் கொடுங்கள். அது போய்விட்டால் உங்கள் முதற்பகுதித் தரவுக்கும் பிற்பகுதித் தரவுக்கும் இடையேயான ஒரே இணைப்பு போய்விடும்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இசைவு எல்லை ஒவ்வொன்றின் 95 விழுக்காடு நம்பக இடைவெளியின் பாதி அகலம், வேறுபாட்டின் திட்ட விலக்கத்தை, 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்தாலும் 1.96-ஆலும் பெருக்கினால் வரும். 50 பேர் என்றால் அது திட்ட விலக்கத்தில் ஏறத்தாழ 0.48 பங்கு, 100 பேர் என்றால் 0.34 பங்கு. என்னைக் கேட்டால் 100-ஐ நோக்கிச் செல்லுங்கள். ஒருவரின் இரு கண்களை இரண்டு பேராக எண்ணாதீர்கள்.

ஆட்களைத் தேர்வதில்தான் பெரும்பாலான பால ஆய்வுகள் தோற்கின்றன. கிடைப்பவர் என்று கல்லூரி மாணவர்களை மட்டும் அமர்த்தினால், தெளிந்த வில்லையும் அகன்ற கண்மணியும் கொண்ட இளைஞர்களுக்குப் பொருந்தும் மாற்றச் சூத்திரம்தான் கிடைக்கும்; உங்கள் நோயாளிகளுக்கு அது பொருந்தாது. உங்கள் ஆய்வில் இருக்கும் வயது, அச்சு நீளம், கண்புரை நிலை, இரத்த அழுத்தம் ஆகிய பரவல்கள் அனைத்தும் பாலத்திலும் இருக்க வேண்டும். முடிந்தால் அதே நோயாளிகளையே அழையுங்கள்.

ஒரே அமர்வில், ஒவ்வொரு கருவியிலும் இரண்டு படங்கள். எந்தக் கருவி முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் மாற்றுங்கள். பளிச்சொளிக்குப் பின் சற்று இடைவெளி விடுங்கள். இரு படங்களிலும் அதே ஆறு தமனிகளையும் அதே ஆறு சிரைகளையும் இணைத்து அளந்த ஒரு கணக்கும், மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுத்தவற்றின் கணக்கும் தனித்தனியே வேண்டும். முதலாவது ஒளியியல் வேறுபாட்டைக் காட்டும், இரண்டாவது நடைமுறை வேறுபாட்டைக் காட்டும். ஆறாவது குழாயாக ஒரு கருவியில் ஒன்றும் மற்றதில் வேறொன்றும் தேர்வாவது அரிதல்ல. மாற்றச் சூத்திரம் காணும்போது இரு அச்சுகளிலும் பிழை உண்டு என்பதால், சாதாரணத் தொடர்புப்போக்குக்குப் பதில் டெமிங் முறையைக் கையாளுங்கள். மாற்றிய மதிப்பில் மாற்றத்தின் பிழையும் கூடியிருக்கிறது என்பதை இறுதி நம்பக இடைவெளியில் சேர்க்க மறவாதீர்கள்.

பதிவு 16 | பொன்னி

இதையொட்டி ஒரு கேள்வி. கைப்பேசியோடு இணையும் ஃபண்டஸ் கேமராக்களை ஊர்ப்புற முகாம்களில் பயன்படுத்துகிறோம். நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறிய அவை ஏற்றவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படங்களில் குழாய் அகலத்தையும் அளக்கலாமா?

பதிவு 17 | விழிமருத்துவர்

நீங்கள் குறிப்பிடும் சான்று உண்மையானது, அம்மா. சென்னையில் கைப்பேசி ஃபண்டஸ் கேமராவை வழக்கமான மேசைக் கேமராவோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறிவதில் அது நன்றாகச் செயல்படுகிறது என்று காட்டியது. ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி, இரத்தக் கசிவும் புதுக் குழாய்களும் இருக்கின்றனவா, இல்லையா என்பது. சற்று மங்கலான படத்திலும் கசிவு கசிவாகவே தெரியும். சில மைக்ரோமீட்டர் அகல வேறுபாட்டை அளக்க அதே படம் போதும் என்பதற்கு அது சான்றாகாது. கையில் பிடிக்கும் கேமராவில் கண்ணுக்கும் வில்லைக்கும் உள்ள தூரம் படத்துக்குப் படம் மாறுவதால் ஒரே ஆளிடமே உருப்பெருக்கம் மாறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முகாம்களில் அவற்றை நோய் கண்டறியத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அகலம் அளப்பதற்குத் தனியாகச் சோதித்த பின்பே இறங்குங்கள்.

பதிவு 18 | யாழ்மொழி

கேமராவை நிறுத்தி வைக்கத் துறைத் தலைவர் இசைந்துவிட்டார். பால ஆய்வுக்கான அறநெறிக் குழு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கதிரொளி ஐயா சொன்னபடி ஒரு சிறு தொகுதியில் பச்சை லேசர் படங்களைத் தனியே அளந்ததில், தமனிகள் பெரும்பாலும் கலந்த படத்தைவிட அகலமாகவே வருகின்றன. சிரைகளில் அத்தகைய திசை தெரியவில்லை. குறுகல் முழுவதும் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய முடிவை அப்படியே எழுத முடியாது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. பாலம் முடியும் வரை, இரு காலங்களையும் தனித்தனியே பகுத்து, ஒவ்வொரு கருவியின் உள்ளே மட்டும் ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்று பார்க்கப் போகிறேன்.

பதிவு 19 | கதிரொளி

சரியான முடிவு. ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். பழைய கேமராவை மீண்டும் இயக்கும்போது, அதோடு இணைந்த கணினியின் மென்பொருளைப் புதுப்பிக்காதீர்கள். புதிய பதிப்பு படத்தைக் கூர்மையாக்கும் விதத்தையும் சுருக்கிச் சேமிக்கும் விதத்தையும் மாற்றியிருக்கலாம். முதற்பகுதிப் படங்கள் எந்தத் தெளிவிலும் எந்தச் சுருக்கத்திலும் ஏற்றுமதியாயின என்று கோப்புகளிலேயே பார்த்து, அதே அமைப்பில் பாலப் படங்களையும் எடுங்கள். பளிச்சொளி விளக்கு இடையில் மாற்றப்பட்டதா என்று பராமரிப்புப் பதிவேட்டிலும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தேதியைப் பகுப்பாய்வில் குறித்துவிடுங்கள்.